ஈரத் துணி சொல்லும் கணக்கு: ஏர் கூலர் கேள்வி பதில்

இந்த முறை ஏர் கூலர் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். முதல் இரண்டு பதில்களைத் தவறாமல் படித்துவிடுங்கள். பின்னால் வருகிற பலவற்றுக்கும் அவைதான் அடிப்படை.

கேள்வி: என் அக்கா வீட்டில் கூலரைப் போட்டால் ராத்திரி போர்வை தேட வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்து அதே மாடலை நாங்களும் வாங்கினோம். எங்கள் வீட்டில் வருவது வெறும் ஈரக்காற்று. அவர்கள் இருப்பது உள்நாட்டில், வறண்ட பகுதி. நாங்கள் கடலோரம். மெஷினில் கோளாறு இருக்குமா?

பதில்: மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. உங்கள் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது.

கூலருக்குள் நடப்பது இதுதான். கூலரின் பக்கங்களில் புல் அல்லது காகித அடுக்கால் ஆன தடுப்பு இருக்கும், அதுதான் பேட். நனைந்த பேட் வழியாகச் சூடான காற்று போகும்போது கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தைத் தண்ணீர் காற்றிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை விழுங்கும். மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 0.67 யூனிட். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வியர்த்த உடம்பில் காற்றுப் பட்டால் சில்லென்று இருப்பதும் இதே கணக்குதான். காற்றில் ஈரம் குறைவாக இருந்தால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். நிறைய இருந்தால் ஆவியாக இடமில்லை.

எவ்வளவு குளிரும் என்பதற்கு ஒரு எல்லை உண்டு. அதற்குப் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெளியே 40 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்றால் அந்த எல்லை சுமார் 22 டிகிரி. நடுவில் 18 டிகிரி இடைவெளி இருக்கிறது. நல்ல பேட் அந்த இடைவெளியில் முக்கால் பங்கைக் கடக்கும். ஆகவே அக்கா வீட்டுக் கூலரிலிருந்து வருவது 26, 27 டிகிரிக் காற்று. உங்கள் பக்கம் 35 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். எல்லை சுமார் 28 டிகிரி. இடைவெளி 7 டிகிரிதான். முக்கால் பங்கு கிடைத்தாலும் காற்று 30 டிகிரியில் வரும், அதுவும் ஈரம் சொட்டச் சொட்ட. அந்தக் காற்றில் வியர்வை காயாது. கூலர் ஓடுவதைவிட வெறும் ஃபேன் ஓடுவது மேல் என்று சில நாட்களில் தோன்றுவது அதனால்தான்.

இன்னும் பெரிய கூலர் வாங்கினால் சரியாகுமா என்றால், ஆகாது. காற்றின் அளவுதான் கூடும். எந்தக் கூலராலும் அந்த எல்லைக்குக் கீழே இறங்க முடியாது. கடலோரத்திலும் வறண்ட நிலக்காற்று வீசும் நாட்களில் உங்கள் கூலர் நன்றாக வேலை செய்யும். மற்ற நாட்களில் பம்பை நிறுத்திவிட்டு ஃபேனாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: வாங்கும் முன்பே எங்கள் வீட்டுக்குக் கூலர் ஒத்துவருமா என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: உண்டு. இரண்டு சாதாரணத் தெர்மாமீட்டரும் ஒரு துண்டுத் துணியும் போதும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் உதவாது. அறையில் மாட்டுகிற, 50 டிகிரி வரை காட்டுகிற வகை வேண்டும். முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சி போடாத வெள்ளைப் பருத்தித் துணியை ஒன்றின் குமிழ் மேல் ஒரே ஒரு சுற்றுச் சுற்றி நூலால் கட்டி, தண்ணீரில் நனையுங்கள். இரண்டையும் வெளியே, நிழலில், டேபிள் ஃபேன் முன்னால் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் ஈரத் துணி கட்டியதன் அளவு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். மேலே சொன்ன ஈரக்குமிழ் வெப்பநிலை அதுதான். துணி காய்ந்துவிட்டால் மறுபடி நனைக்க வேண்டும், இல்லையென்றால் அளவு ஏறிவிடும். பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிக்குள், வெயில் கடுமையாக இருக்கும் மூன்று நான்கு நாட்களுக்கு எடுத்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 12 டிகிரிக்கு மேல் என்றால் யோசிக்காமல் கூலர் வாங்கலாம். 8 முதல் 12 வரை என்றால் நல்ல பலன் கிடைக்கும். 5க்கும் 8க்கும் நடுவே இருந்தால் கூலரின் நேர் எதிரில் உட்கார்ந்தால்தான் பலன் தெரியும். 5க்குக் கீழே என்றால் வேண்டாம். அந்தப் பணத்தைக் கூரை வெப்பத்தைக் குறைக்கவும் ஜன்னலுக்கு வெளிப்பக்கம் நிழல் அமைக்கவும் செலவழியுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே கூலர் இருப்பவர்களுக்கும் இந்தச் சோதனை உதவும். வெளியே 40, ஈரத் துணியில் 24, கூலர் வாய்க்கு எதிரே 28 என்று காட்டினால், 16 டிகிரி இடைவெளியில் 12 டிகிரி இறங்கியிருக்கிறது. அதாவது 75 சதவீதம். பேட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இதே கணக்கு 60 சதவீதத்துக்குக் கீழே வந்தால் பேட் அடைத்திருக்கிறது, அல்லது முழுதாக நனையவில்லை, அல்லது பேட்டைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே காய்ந்த காற்று உள்ளே போகிறது. மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுத்தான் கூலர் போடுகிறோம். முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கிறது. அப்புறம் புழுக்கம் தாங்கவில்லை. சுவர், தலையணை எல்லாம் பிசுபிசுக்கிறது.

பதில்: அடைப்பதுதான் தவறு. ஏ.சி. பழக்கத்தில் கூலரையும் அப்படியே போடுகிறார்கள். கூலரைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்லுவோம்: கூலர் ஓடும் அறையில் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். 12 அடிக்கு 12 அடி, 10 அடி உயரமுள்ள அறையில் சுமார் 41 கன மீட்டர் காற்று இருக்கிறது. 28 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 27 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். அறை முழுவதும் சேர்த்து 1.1 லிட்டர் தண்ணீர். அதிலும் ஒரு பகுதி ஏற்கெனவே காற்றில் இருக்கிறது. வறண்ட ஊரில் அந்த அளவு அறைக்கான கூலர் ஒரு மணி நேரத்தில் 6 லிட்டருக்கு மேல் ஆவியாக்கும். அந்த ஈரமெல்லாம் எங்கே போகும்? பத்து நிமிடத்திலேயே அறை திணற ஆரம்பித்துவிடும். உங்கள் அறை அரை மணி நேரம் தாக்குப்பிடிப்பது கதவு இடுக்கின் புண்ணியத்தால். காற்று ஈரத்தால் நிறைந்ததும் பேட்டில் தண்ணீர் ஆவியாகாது. அதன் பிறகு கூலர் வெறும் ஃபேன்தான், புழுக்கத்தைச் சுற்றிச் சுற்றி வீசுகிற ஃபேன்.

சரியான முறை: கூலரின் முதுகு வெளிக்காற்றைப் பார்த்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே ஸ்டாண்டு போட்டு வைப்பது மிகச் சிறந்தது. முடியாவிட்டால் உள்ளேயே, திறந்த ஜன்னலிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி தூரத்தில், முதுகை ஜன்னல் பக்கம் காட்டி வையுங்கள். எதிர்ச் சுவரிலோ எதிர் மூலையிலோ இன்னொரு ஜன்னலைத் திறந்துவையுங்கள். குளிர்ந்த காற்று உங்களைக் கடந்துதான் வெளியே போக வேண்டும். கூலருக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜன்னலைத் திறந்தால் காற்று குறுக்கு வழியில் ஓடிவிடும்.

எவ்வளவு திறப்பது? 1,000 சி.எஃப்.எம். (கூலர் ஒரு நிமிடத்தில் தள்ளும் காற்றின் அளவு, கன அடியில்) காற்றுக்கு 2 சதுர அடித் திறப்பு. நடுத்தர அறைக்கு ஓர் அடி அகலம், ஒன்றரை அடி உயரம் சரியாக இருக்கும். திறந்த ஜன்னல் முன்னால் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள். காகிதம் மெதுவாக வெளியே சாய்ந்தால் சரி. அறைக் கதவு தானாகப் படார் என்று சாத்திக்கொண்டால் திறப்பு போதவில்லை. வெளிச்சூடு ஜன்னல் வழியாக உள்ளே வருமே என்று பயப்பட வேண்டாம். உள்ளிருந்து காற்று தள்ளிக்கொண்டிருக்கும்வரை அந்த வழியே வெளிக்காற்று வராது.

கேள்வி: கூலரும் ஏ.சி.யும் சேர்த்துப் போடலாமா?

பதில்: வேண்டாம். கூலர் சேர்க்கிற ஈரத்தை வெளியே எடுப்பதற்கே ஏ.சி. பாதி நேரம் உழைக்கும்.

கேள்வி: 80 லிட்டர் கூலர் வாங்குவதா, 40 லிட்டரா? கடையில் லிட்டரைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள்.

பதில்: லிட்டர் என்பது எத்தனை மணிக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மட்டும் சொல்லும். எவ்வளவு குளிரும் என்பதை அது சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: காற்றின் அளவு எவ்வளவு, பேட் எத்தனை அங்குலத் தடிமன், எத்தனை பக்கம்.

காற்றின் அளவுக்கு எளிய வழி உண்டு. அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி இரண்டால் வகுங்கள். 12 × 12 × 10 = 1,440. பாதி 720. அவ்வளவு சி.எஃப்.எம். வேண்டும். கன மீட்டரில் எழுதியிருந்தால் மணிக்குச் சுமார் 1,220. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை அறைக் காற்று முழுவதும் மாற வேண்டும் என்பதுதான் இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற அறை, மேற்கு வெயில் விழும் அறை என்றால் இரண்டுக்குப் பதில் ஒன்றரையால் வகுங்கள். 960 வரும். பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். நனைந்த பேட்டும் தூசியும் காற்றைத் தடுக்கும், கால் பங்கு கூடுதலாக இருக்கிற மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

சின்ன அறையில் மிகப் பெரிய கூலரை வைப்பதும் சுகமில்லை. சத்தம் அதிகம், தண்ணீர்ச் செலவு அதிகம், காற்று வெளியேறப் பெரிய திறப்பும் வேண்டும்.

கேள்வி: தொட்டியில் ஐஸ் கட்டி போட்டால் கூடுதலாகக் குளிரும் என்கிறார்கள். இதற்காகத் தனி அறையே இருக்கிற கூலர்கள்கூட வருகின்றன. உண்மையா?

பதில்: குளிரும், சில நிமிடங்களுக்கு. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு 334 கிலோ ஜூல் வெப்பம் எடுக்கும். உருகிய நீர் 25 டிகிரிக்கு ஏறுவதற்கு இன்னும் 105. ஆக மொத்தம் சுமார் 440. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதோ 2,400. மேலே சொன்ன அறைக் கூலர் வறண்ட ஊரில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 270 கிலோ ஜூல் வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. ஐந்து கிலோ ஐஸ் போட்டால் கிடைப்பது 2,200. அதாவது எட்டு நிமிட வேலை. அந்த ஐஸை உறைய வைக்க ஃப்ரிட்ஜ் எடுக்கும் மின்சாரத்தையும், சமையலறையில் அது கக்கும் சூட்டையும் சேர்த்துப் பாருங்கள். ஐஸ் வேண்டாம், எதிர் ஜன்னலைத் திறங்கள்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் வெந்நீராக வருகிறதே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். கவலை வேண்டாம். பேட் வழியே நாலைந்து சுற்றுச் சுற்றியதும் அதுவே ஈரக்குமிழ் அளவுக்கு அருகில் இறங்கிவிடும். ஆனால் கூலர் உடம்பில் நேரடி வெயில் படக்கூடாது. அது வேறு விஷயம். வெயில் நாள் முழுவதும் சூடேற்றிக்கொண்டே இருக்கும். நிழல் கட்டாயம்.

கேள்வி: எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஒரே சீசனில் பேட் முழுவதும் வெள்ளையாகக் கல் மாதிரி கட்டிவிட்டது. என்ன செய்வது?

பதில்: தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றது தானே விளங்கும். 40 லிட்டர் தொட்டியை நிரப்பிவிட்டு, குறையக் குறைய ஊற்றிக்கொண்டே வந்து, மொத்தம் 80 லிட்டர் ஆவியாகிவிட்டது என்று வையுங்கள். இப்போது தொட்டியில் இருப்பது அதே 40 லிட்டர், ஆனால் 120 லிட்டர் தண்ணீரின் உப்பு அதில் இருக்கிறது. மூன்று மடங்கு. மணிக்கு 6, 7 லிட்டர் ஆவியாகிற வறண்ட ஊரில் இது இரண்டே நாள் ஓட்டம். அதன் பிறகும் மேலே மேலே ஊற்றிக்கொண்டு போனால் பேட்டில் கல்தான் விளையும்.

ஆகவே உப்புத் தண்ணீர்க்காரர்கள் இரண்டு நாளைக்கு ஒரு முறை தொட்டியை முழுவதும் காலி செய்து புதிதாக நிரப்ப வேண்டும். பைப் இணைப்பும் ஃப்ளோட் வால்வும் உள்ள பெரிய கூலராக இருந்தால் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பம்ப் குழாயிலிருந்து ஒரு மெல்லிய டியூப் எடுத்துக் கொஞ்சம் தண்ணீரைத் தொடர்ந்து வெளியே விடுங்கள். ஆவியாவதில் பாதி அளவு வெளியேறினால் உப்பு மூன்று மடங்கைத் தாண்டாது. மணிக்கு 6 லிட்டர் ஆவியாகும் கூலருக்கு 3 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 50 மில்லி. ஒரு கப்பை டியூபுக்குக் கீழே பிடித்து ஒரு நிமிடம் அளந்தால் தெரிந்துவிடும். அந்தத் தண்ணீரைத் தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு ஊற்றாதீர்கள். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவுநீரைச் சிலர் சிக்கனம் என்று கூலருக்கு ஊற்றுகிறார்கள். அது ஏற்கெனவே உப்பு செறிந்த தண்ணீர். பேட்டுக்கு அதைவிடக் கெடுதல் இல்லை.

தொட்டியிலும் பம்பிலும் படிந்ததை எடுக்க, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலத் தூள் கலந்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான பிரஷால் தேய்த்து இரண்டு முறை அலசுங்கள். வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தாலும் சரி. துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியில் கால் மணிக்கு மேல் விடாதீர்கள், பூச்சு அரித்துவிடும். அமிலத்தோடு பிளீச்சிங் எதையும் சேர்க்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும், மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. கல்லாக இறுகிப்போன பேட்டைச் சுரண்டிப் பயனில்லை. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: புல் பேட் நல்லதா, தேன்கூடு பேட் நல்லதா? வெட்டிவேர்?

பதில்: புல் பேட் என்று கடையில் சொல்வது பெரும்பாலும் மரச் சீவல். புதிதில் நன்றாகக் குளிரவைக்கும். போகப் போகத் தன் கனத்தில் தானே கீழே இறங்கி, மேல் பக்கம் ஓட்டை விழும். காற்று அந்த ஓட்டை வழியே நனையாமல் போய்விடும். ஒரு சீசனுக்குத்தான் அதன் ஆயுள். தேன்கூடு பேட் விலை கூடுதல். இரண்டு மூன்று சீசன் உழைக்கும், நல்ல தண்ணீர் என்றால் அதற்கு மேலும். நான்கு அங்குலத் தடிமன் பேட், முதல் பதிலில் சொன்ன வெப்ப இடைவெளியில் 70 முதல் 80 சதவீதம் வரை கடக்கும், ஆறு அங்குலம் 80ஐத் தாண்டும். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான பேட் போட்ட சின்னக் கூலர்களிடம் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வெட்டிவேர் மணத்துக்காகப் போடலாம், ஆனால் நெருக்கி அடைத்தால் காற்று குறையும்.

தேன்கூடு பேட் மாற்றும்போது பலர் தவறவிடுவது ஒன்று. பக்கவாட்டில் பார்த்தால் அதன் மடிப்புகள் இரண்டு விதமான சாய்வில் போகும். சில பேட்டில் இரண்டும் ஒரே சாய்வு, அதை எப்படியும் மாட்டலாம். ஒன்று அதிகச் செங்குத்தாகவும் மற்றது படுத்தும் இருந்தால், செங்குத்துச் சாய்வு வெளிப்பக்கம், காற்று நுழையும் பக்கம் நோக்கிக் கீழே இறங்கும்படி மாட்ட வேண்டும். காற்று தண்ணீரை உள்ளே தள்ளப் பார்க்கும், சாய்வு அதை வெளிப்பக்கம் இழுத்து ஈடு செய்யும். திருப்பி மாட்டினால் கூலர் வாயிலிருந்து துளித்துளியாகத் தண்ணீர் தெறிக்கும்.

கேள்வி: பேட்டின் நடுப்பகுதி மட்டும் எப்போதும் காய்ந்தே இருக்கிறது. பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறது.

பதில்: மேலே தண்ணீர் பிரித்துவிடும் குழாயிலோ தட்டிலோ உள்ள துளைகள் அடைத்திருக்கும். குழாயைக் கழற்றி, ஒவ்வொரு துளையையும் ஊக்கு முனையால் குத்தி, ஒரு முனையைத் திறந்துவிட்டு வேகமான தண்ணீரால் கழுவுங்கள். பிறகு கூலர் மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்திருந்தால் தண்ணீர் பள்ளத்துப் பக்கமே ஓடும், மேட்டுப் பக்கம் காயும். காய்ந்த பட்டை வழியாக வரும் சூடான காற்று மற்ற இடத்தில் குளிர்ந்த காற்றோடு கலந்துவிடுவதால் சின்னப் பட்டைகூட நிறையக் கெடுக்கும்.

இரண்டும் சரியென்றால் பம்பைப் பாருங்கள். அடியில் உள்ள சல்லடையைக் கழற்றினால் உள்ளே சின்ன விசிறி மாதிரி இம்பெல்லர் இருக்கும். பேட் தூளும் உப்பும் அதில் சுற்றிக்கொண்டால் பம்ப் முனகும், தண்ணீர் ஏறாது. சுத்தம் செய்து கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் சுற்ற வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடிய பம்ப் சீக்கிரம் கருகிவிடும். தொட்டியில் குறைந்தது மூன்று அங்குலத் தண்ணீர் நிற்கட்டும்.

கேள்வி: தகர பாடி கூலர். தொட்டால் சில நேரம் சுர்ரென்று இழுக்கிறது. மழை ஈரமோ என்று விட்டுவிட்டோம்.

பதில்: விடாதீர்கள். இதைப் படித்ததும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. வயரிங்கில் சுவிட்ச் தவறான கம்பியில் இருந்தால், அணைத்த பிறகும் கூலரில் மின்சாரம் இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தகரக் கூலரைத் தொடுவது, கசிவு இருந்தால் உயிரைப் பறிக்கும்.

இந்தக் கோளாறில் இரண்டு தவறுகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று, பம்ப் கேபிளின் உறை கிழிந்தோ மோட்டார் சுருளில் ஈரம் இறங்கியோ மின்சாரம் கூலரின் உடம்புக்கு வருகிறது. இரண்டு, எர்த் வேலை செய்யவில்லை. எர்த் சரியாக இருந்திருந்தால் கசிவு மண்ணுக்குப் போயிருக்கும், உங்கள் கைக்கு வந்திருக்காது. எலக்ட்ரீசியனை அழைத்து மோட்டார், பம்ப் இரண்டையும் தனித்தனியாக 500 வோல்ட் மெக்கரில் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டுவதை மாற்றிவிட வேண்டும். பச்சை எர்த் கம்பி கூலர் உடம்போடு திருகால் இறுக்கப்பட்டிருக்கிறதா, சாக்கெட்டின் எர்த் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும்.

பிளாஸ்டிக் கூலர்க்காரர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. பழுதான பம்ப் தொட்டித் தண்ணீருக்கே மின்சாரத்தைத் தரும். தண்ணீர் ஊற்றும்போதும், தொட்டிக்குள் கை விடும்போதும், பிளக் வெளியே இருக்க வேண்டும். இரண்டு பின் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் கூலரைச் சொருகாதீர்கள். கேபிள் சாக்கெட்டுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி ஏறட்டும். அப்போது கேபிள் வழியே வழிகிற தண்ணீர் சாக்கெட்டுக்குள் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும். வீட்டில் நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் கூலரைச் சுற்றித் தரை எப்போதும் காய்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் போட்டதும் குளத்துப் பாசி வாடை அடிக்கிறது.

பதில்: இரவில் ஃபேனையும் பம்பையும் ஒன்றாக அணைத்துவிடுகிறீர்கள். பேட் நனைந்தபடியே மணிக்கணக்கில் கிடக்கிறது. அணைப்பதற்கு 20 நிமிடம் முன்னால் பம்பை மட்டும் நிறுத்துங்கள், ஃபேன் ஓடட்டும், பேட் காய்ந்துவிடும். போடும்போது தலைகீழ்: முதலில் ஐந்து நிமிடம் பம்ப், பிறகு ஃபேன். தொட்டி மூடியில் வெயில் விழுந்தால் பாசி வளரும், மறைத்துவிடுங்கள். ஏற்கெனவே வாடை ஏறிவிட்டால் பேட்டைக் கழற்றிவைத்துவிட்டு, 20 லிட்டர் தண்ணீரில் 5 சதவீத பிளீச் திரவம் 20 மில்லி கலந்து தொட்டியிலும் குழாயிலும் அரை மணி நேரம் நிறுத்தி, கொட்டி அலசுங்கள். புதிய மரச் சீவலின் மண வாடை வேறு, அது இரண்டு மூன்று நாளில் போய்விடும்.

கேள்வி: கூலரால் டெங்கு வரும் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: கவனிக்காத கூலரால் வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சுத்தமான, அசையாத தண்ணீரில் வளர்கிறது. கோடை வெப்பத்தில் முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். காலி செய்தால் மட்டும் போதாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, தொட்டிச் சுவரில்தான் அது முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருந்து, தண்ணீர் பட்டதும் பொரியும். பிரஷால் சுவரை அழுத்தித் தேய்த்துக் கழுவி, துடைத்துக் காயவிட்ட பிறகு நிரப்புங்கள். ஊருக்குப் போகிறீர்கள் என்றால் முதல் வேலை தொட்டியைக் காலி செய்வதாக இருக்கட்டும். மழை வந்து குளிர்ந்த பிறகு மறந்துபோய் மூலையில் நிற்கிற கூலர்தான் அதிக ஆபத்து.

கேள்வி: குழந்தைக்கு வீசிங் இருக்கிறது. கூலர் போடலாமா?

பதில்: குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் முதலில் கேளுங்கள். பொதுவாகச் சொல்லக்கூடியது, அறையில் ஈரப்பதம் அதிகமாக நீடித்தால் தூசிப் பூச்சியும் பூஞ்சையும் பெருகும், இரண்டுமே இழுப்பைக் கிளப்பும். ஒரு ஈரப்பதமானி வாங்கி மாட்டி, 60 சதவீதத்தை அடிக்கடி தாண்டுகிறதா பாருங்கள். தாண்டினால் பம்பை நிறுத்துங்கள். பேட் வாடை இல்லாமல் இருக்க வேண்டும், காற்று முகத்தில் நேராக அடிக்கக்கூடாது.

கேள்வி: ஃபேன் முனகுகிறது, சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது.

பதில்: கெப்பாசிட்டர் போயிருக்கும். எலக்ட்ரீசியன்கள் கண்டன்சர் என்பார்கள். பழையதன் மேல் எழுதியிருக்கிற அதே மைக்ரோ ஃபேரட் அளவில் மாற்ற வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், முனைகளைத் தொடாதீர்கள். மாற்றிய பின்னும் அதே முனகல் என்றால் புஷ் காய்ந்திருக்கும் அல்லது பேரிங் இறுகியிருக்கும். முனகும் நிலையிலேயே ஓடவிட்டால் மோட்டார் சுருள் எரிந்துவிடும்.

கேள்வி: நள்ளிரவுக்குப் பிறகு கூலர் சரியாகக் குளிர்வதில்லையே, வெளியே வெயில்கூட இல்லை?

பதில்: ஒரு நாளுக்குள் ஈரக்குமிழ் அளவு அவ்வளவாக மாறாது. வெளிக்காற்றின் சூடுதான் ஏறி இறங்கும். பிற்பகலில் இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி, அதிகாலையில் மிகச் சிறியது. கூலர் கடக்க வேண்டிய தூரமே அப்போது குறைவு. வெளிக்காற்று தானாகவே இறங்கியிருக்கும் நேரம் அது. பம்பை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு வெளிக்காற்றை உள்ளே இழுங்கள். பகலில் சூடேறிய சுவரும் தளமும் அந்தக் காற்றில் ஆறும். மறுநாள் பிற்பகலில் கூலருக்கு வேலை குறையும்.

கேள்வி: சீசன் முடிந்து எடுத்துவைக்கும்போது என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்: தொட்டியைக் காலி செய்து, மேலே சொன்னபடி உப்பு நீக்கிக் கழுவுங்கள். பேட்டை மேலிருந்து கீழாக, மடிப்பின் போக்கிலேயே மெல்ல ஓடும் தண்ணீரால் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். அழுத்தமான தண்ணீர் பீய்ச்சினால் காகித அடுக்குகள் பிரிந்துவிடும். பம்பை வெளியே எடுத்துத் துடைத்து, தனியாகச் சுற்றிவையுங்கள். ஃபேன் இறக்கையில் படிந்த தூசியை ஈரத் துணியால் துடையுங்கள், ஒரு பக்கம் மட்டும் தூசி கனத்தால் அடுத்த வருடம் அதிரும். எண்ணெய் விடும் துளை உள்ள மோட்டார் என்றால் இரண்டு மூன்று சொட்டு மெஷின் ஆயில் போதும். தகரத்தில் துரு கண்ட இடத்தை உரசிப் பெயின்ட் அடியுங்கள். பிளாஸ்டிக் உறையால் இறுக்கி மூடாமல் துணியால் போர்த்துங்கள், பிளாஸ்டிக்குக்குள் மிச்ச ஈரம் அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும்.

அடுத்த கோடையில் எடுக்கும்போது, மின்சாரம் தரும் முன் ஃபேனையும் பம்ப் இம்பெல்லரையும் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கேபிளை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள், எலி கடித்த இடம் கண்ணுக்குத் தப்பினாலும் கைக்குத் தட்டுப்படும்.